காயத்தைக் காட்டச் சொன்னவர்

"கைய காட்டு" என்றார்.

ஜோசியம் பார்க்கப் போகிறார் என்று நினைத்து வலது கையை நீட்டினேன். அவர் ரேகையைப் பார்க்கவில்லை. புறங்கையைத் திருப்பினார், விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார், பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு கீறல் கூட இல்ல. உன்ன நம்பி எவன் ஏணில ஏத்தனான்?"

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நெல். சேற்றில் கால் வைக்க எனக்குப் பிடிக்காததால் கேபிள் டிவி தொழிலை எடுத்திருந்தேன். ஊர் முடிந்து, ஏரிக் கால்வாயைத் தாண்டினால் காலனி. காலனியின் முனையில் தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோயில். அதற்கு எதிர் வீடு, கையைக் காட்டச் சொன்ன அந்தப் பெண்ணுடையது. வாரம் முழுக்க நாற்று நடப் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். வீட்டுக்காரர் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். ஐந்து வயதில் ஒரே பையன். காலனிக்கு நான் கொடுத்த முதல் இணைப்பு அவர்கள் வீட்டுக்குத்தான்.

எங்கள் பக்கத்தில் காலனிப் பெண் ஒருவர் ஊர்க்காரப் பையனின் கையைப் பிடித்து இப்படிப் புரட்டிப் பார்க்க மாட்டார். வாசலில் நின்றிருந்த அவர் வீட்டுக்காரரே பதறிப்போய், "ஏ, வுடு, வுடு" என்றார். அவர் விடவில்லை. பார்த்து முடித்த பிறகுதான் விட்டார். நான் இதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். என் அப்பாவின் காதுக்கு அது எட்டியபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

யாரைப் பார்த்தாலும் அக்கா முதலில் காயத்தைத்தான் தேடுவார். புதிதாக நடவுக்கு வருகிற பெண்ணின் பாதத்தைப் பார்ப்பார். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரின் உள்ளங்கையை அப்படித்தான் பிடித்துப் பார்த்துவிட்டு, "பஞ்சு மாதிரி கீது, ஒண்ணும் தேறாது" என்று அவர் முன்னாலேயே சொன்னார். சுற்றி நின்ற கரை வேட்டிகளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, முறைக்கவும் முடியவில்லை. யாராவது கதை சொன்னால் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "எல்லாம் சரி. இதுல அடி எங்க பட்டுச்சி?" அடிபடாத கதையை அவர் நம்ப மாட்டார்.

இந்தக் குணத்தோடு அவருக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. ஞாயிறு மதியம் தமிழில் பேசும் வெளிநாட்டு விஞ்ஞானப் படங்கள் போடுவார்களே, அதுதான். விண்கலம், வேற்றுக் கிரகம், மனிதனைப் போலவே பேசும் இயந்திரம், காலத்தில் பின்னோக்கிப் போகிறவன், இவர்களில் யார் வந்தாலும் அக்கா வீட்டில் சோறு ஆறிப்போகும். குடும்பத் தொடர் பக்கம் போக மாட்டார். "பத்து வருசமா அயுவறாளுங்க, ஒருத்திக்கும் கண்ணு வீங்கல" என்பார்.

அப்போதெல்லாம் காலனிதான் என் லைனுக்குக் கடைசி. சாதாரணமாகச் சொல்கிறேன், ஆனால் அது சாதாரணம் இல்லை. ஊரைச் சுற்றி வந்து மிச்சம் மீதியாகத்தான் சிக்னல் கால்வாயைத் தாண்டும். படத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி ஓடும். அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. மூன்று வருஷம் கழித்து நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கி மாட்டினேன். அடுத்த ஞாயிறு பெருமையோடு போய் நின்றேன். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா, நல்லா இல்லியா?"

"இந்தப் படத்த முன்னயே பாத்துகீறேன் தம்பி. அந்தக் கெரகத்துல எப்பவும் மளை பேஞ்சிகினே இருக்கும். இன்னிக்கி மளையே காணோம். வெட்டிட்டானுங்களா?"

மூன்று வருஷமாக அவர் பார்த்த எல்லாக் கிரகங்களிலும் மழை பெய்திருக்கிறது. என் கஞ்சத்தனத்தை அவர் வானிலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "அப்ப நாம பாக்கறதுல எது மெய்யாலுமே கீது, எது ஒயர்ல வந்த கோளாறுன்னு எப்டித் தெரியும்?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் இதையே பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார்.

அதில்தான் ஃபாதரோடு வம்பு வந்தது. மாதம் இரண்டு முறை பூசைக்கு வருகிற இளம் சாமியார் அவர், தெற்கத்திக்காரர். நான் கோயில் எதிரில் கம்பத்தின் மேல் இருந்தேன். கீழே பஞ்சாயத்து.

"என்னம்மா, ஞானோபதேச வகுப்புல விண்கலம் கதை சொல்றீங்களாமே?"

"ஆமா ஃபாதர்."

"வேதாகமத்துல கதை இல்லையா?"

"கீது ஃபாதர். ஆனா பசங்க கேள்வி கேக்குதுங்களே. வேத்து கெரகத்துல ஆளுங்க இருந்தா அவுங்களுக்காவும் ஆண்டவரு சிலுவைல செத்தாரான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சி. நீங்களே சொல்லுங்க, நா இன்னா சொல்லணும்?"

ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். "அது பெரிய கேள்வி" என்றார்.

"நானும் அதத்தான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஃபாதருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாம வாழுற உலகமே பொய், யாரோ காட்டுற படம்னு சொல்ற சினிமாவெல்லாம் விசுவாசத்தைக் கெடுத்துடும்மா" என்றார்.

"எங்க கெடுக்குது? கண்ணுக்குத் தெரியறது மட்டும் ஒலகம் இல்லன்னு நீங்களும் பீடத்துல நின்னு சொல்றீங்க. அவனும் அதான் சொல்றான்."

"அப்ப எது நிஜம், எது பொய்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அக்கா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நாற்று முடிச்சு அறுத்து அறுத்துத் தடித்த கை.

"சாவையே ஜெயிச்சிட்டு மூணாம் நாளு எந்திரிச்சி வந்தாரே, அவருக்குக் கையில கீற ஓட்டைய அடைக்கத் தெரியாதா ஃபாதர்? புது ஒடம்பு. வழவழன்னு வந்துருக்கலாம். வரல. ஓட்டையோட வந்தாரு. நம்ப மாட்டேன்னு அடம் புடிச்ச சீடருகிட்ட மொகத்தக் காட்டல, காயத்தத்தான் காட்னாரு. பொய்யா ஒரு ஆள செய்யறவன் அயகா செய்வான் ஃபாதர். காயம் வெக்க மாட்டான்."

ஃபாதர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அடுத்த ஈஸ்டர் பிரசங்கத்தில் இதே சங்கதியைத் தானே யோசித்தது மாதிரி சொன்னாராம். அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "அடிச்சி வுட்டாரு தம்பி, என் சரக்க!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. அம்மா இழுத்துக்கொண்டு போனால் வருஷம் ஒரு முறை திருப்புலிவனம் கோயிலுக்குப் போவேன், புளியோதரை நன்றாக இருந்தால் நல்ல தரிசனம். ஆனாலும் அன்று கம்பத்தின் மேலிருந்து கேட்ட அந்தப் பேச்சு எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்ன மற்றதெல்லாம் வெறும் வேடிக்கைக் கதையாகிவிடும்.

அவர் மகனுக்குப் பத்து வயது நடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் போட்ட படம் அக்கா வாரம் முழுக்கக் காத்திருந்த படம். ஒரு ஊரே ஆழமான கிணறுகளில் படுத்துத் தூங்குகிறது. தூக்கத்திலேயே அவர்களுக்குக் கல்யாணம், அறுவடை, திருவிழா எல்லாம் நடக்கிறது. ஒருத்தன் மட்டும் பாதிக் கண் விழித்துவிடுகிறான். மேலே ஏறி வந்தால் வெயில், பசி, புண். கீழேயே கிடந்தால் கனவு. ஏறுவானா, கிடப்பானா? அந்த இடத்தில் காலனி முழுக்கப் படம் போய்விட்டது.

ஊரில் ஒரு பெரிய வீட்டில் அன்று மஞ்சள் நீராட்டு விழா. வந்த விருந்தாளிகள் கிரிக்கெட் பார்க்க வேண்டும், படம் சுத்தமாக இல்லை என்று என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். காலனிக்குப் போகிற கிளையைக் கழற்றிவிட்டால் ஊருக்குத் தெளிவாகக் கிடைக்கும். கோயில் கூரை ஓரத்தில் கட்டியிருந்த இணைப்புப் பெட்டி வரை ஏறிக் கழற்றிவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் காலனிக்குப் படம் இல்லாவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படியே, இதே வார்த்தைகளில் நினைத்தேன்.

அம்மாவுக்குப் படத்தின் முடிவைக் காட்ட வேண்டும் என்று பையன் கோயில் கூரைமேல் ஏறியிருக்கிறான். கால் வழுக்கித் தகரத்தின் விளிம்பில் விழுந்தான். இடது புருவத்திலிருந்து நெற்றிப்பொட்டு வரை கிழிந்துவிட்டது. அவன் அப்பா அந்தக் காயத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மகனை மடியில் வைத்து, யாரோ ஒருவரின் வண்டிப் பின்னால் உட்கார்ந்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏழு தையல். கண் தப்பியது புண்ணியம்.

மறுநாள் போய் விசாரித்தேன். "காத்துல லைன் அறுந்துபோச்சிக்கா" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். யார் கதை சொன்னாலும் அடி எங்கே பட்டது என்று கேட்கிறவர் அன்று ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் டீ எடுத்துவந்து கொடுத்தார். குடித்தேன்.

அந்தப் படத்தை அதற்குப் பிறகு எத்தனையோ முறை போட்டார்கள். அக்கா எழுந்து வெளியே போய்விடுவார். முடிவை அவர் பார்க்கவே இல்லை.

பையன் வளர்ந்தான். புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்போடு வளர்ந்தான். ஐடிஐ முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். என்னைப் பார்த்தால், "இன்னாண்ணா, நெட்டு ஸ்லோவா கீது" என்று சிரிப்பான். சிரிக்கும்போது அந்தப் புருவம் மட்டும் மேலே ஏறாது. அவனைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பக்கத்துக் கண்ணைத் தவிர்த்துவிட்டுத்தான் பேசினேன். இருபத்து நான்கு வயதில், ஒரு பங்குனி மாதம், வேலை முடிந்து திரும்பும்போது வளைவில் லாரி மோதி அங்கேயே போய்விட்டான்.

அக்கா அழுதார். பதினாறாம் நாள் நடவுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர்தான் உடைந்துபோனார்.

அக்காவின் அக்காள் மகன் உத்திரமேரூரில் செல்போன் கடையில் வேலை செய்கிறான், நல்ல பையன், கல்யாணமானவன். சித்தப்பா சாப்பிடாமல் கிடப்பதைப் பார்க்க முடியாமல் ஆடி மாதத்தில் ஒரு காரியம் செய்தான். செத்துப்போனவனின் பழைய போட்டோக்களையும், அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலையும் போட்டு, செயற்கை நுண்ணறிவில் ஒரு வீடியோ உண்டாக்கினான். செத்தவன் கண் சிமிட்டினான். "நைனா, சாப்டியா? நா நல்லா கீறேன், அயுவாத" என்றான். உயிரோடு இருந்தபோது அவனும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவான்.

அவர் அன்று சாப்பிட்டார். எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வாரம் இன்னொரு வீடியோ கேட்டார். பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று. சாப்பிடும்போது தட்டுக்கு எதிரில் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து அதோடு பேச ஆரம்பித்தார். சொர்ணவாரிப் பருவ நெல் அறுவடைக்கு மிஷின் முதலாளி மூன்று முறை ஆள் அனுப்பினார். இவர் போகவில்லை. கோயிலுக்குப் போவதும் நின்றது.

ஐப்பசி பிறந்தது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்பே கல்லறைகளில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் பேர் எழுதி வைத்துவிடுவார்கள். திருநாளன்று பூ, மெழுகுவத்தி. ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக நின்று மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். மகனுக்கு அது முதல் கல்லறைத் திருநாள். அக்கா சுண்ணாம்பு வாங்கிவைத்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாராம், "உயிரோட கீறவனுக்கு இன்னாத்துக்குக் கல்லற?"

அன்று மதியம் எனக்கு போன் வந்தது. "தம்பி, வூட்டுக்கு வா. ஒரு லைன கழட்டணும்."

செட்டாப் பாக்ஸ் என்று நினைத்துத்தான் போனேன். வீட்டில் அக்கா, வீட்டுக்காரர், செல்போன் கடைக்காரப் பிள்ளை மூவரும் இருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அத காட்டு தம்பிக்கு" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் போனை என் பக்கம் திருப்பினார். இந்த வீடியோக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, நான் பார்த்தது அப்போதுதான். பையன் நிஜத்தைவிட நாலு சுற்று வெளுப்பாக இருந்தான். கன்னம் வழவழவென்று இருந்தது. இடது புருவம் முழுதாக இருந்தது. கிழிசல் இல்லை, தையல் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் என் மனதில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவே இல்லை என்பது போல இருந்தது. நான் கூரைமேல் ஏறவில்லை, எதையும் கழற்றவில்லை. இந்த முகத்தையே எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்தோட முடிவு இன்னான்னு எனக்குத் தெரியாது தம்பி. அவன் கெணத்துலேந்து ஏறனானா, கெடந்தானான்னு பாக்கல. இன்னிக்கி நம்ப வூட்ல பாத்துடணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தளும்பு எங்க?"

அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒன்னத்தான் கேக்கறேன். எம்புள்ளைக்கு இங்க ஒரு தளும்பு இருந்துச்சி. இவனுக்கு எங்க?"

கடைக்காரப் பிள்ளை பதறினான். "சித்தி, ஆப்புல மொகத்த க்ளீன் பண்ணிடுது. போட்டுடலாம் சித்தி. பத்து நிமிசம்."

போனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். நானும் அக்காவும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்ப நீட்டினான். தழும்பு வந்திருந்தது. அதே இடம், அதே அளவு. சிரித்தபோது அந்தப் புருவம் மேலே ஏறவும் இல்லை. அச்சு அசல்.

வீட்டுக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப இன்னா சொல்ற? கேட்டியே, பாரு!"

காயம் இருந்தால் நிஜம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். இப்போது காயமும் செய்யலாம், பத்து நிமிஷத்தில். அக்கா தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். அவர் போனை வாங்கி அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். கண்ணாடிதானே, விரல் வழுக்கியது.

போனைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்காரரின் வலது கையைப் பிடித்தார். என் கையைப் புரட்டிப் பார்த்தது மாதிரியே புரட்டி, உள்ளங்கையை அவருக்கே காட்டினார்.

"அன்னிக்கி ரத்தம் வந்துச்சே, எந்தக் கையால அமுக்கிப் புடிச்சிகினு போன?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"உத்திரமேரூரு வரைக்கும் கைய எடுக்கலன்னு சொன்னியே. வெரலு மரத்துப்போச்சி, டாக்டரு வந்துதான் கைய பிரிச்சி எடுத்தாருன்னு சொன்னியே. இந்தக் கைதானே? அவன் ஒன் சட்டைய கடிச்சிகினு வந்தானே. சொல்லு, அது இந்தப் போன்ல எங்க கீது?"

"வுட்ரு" என்றார் அவர்.

"வுட மாட்டேன். இவன் போட்டது கோடு. எம்புள்ளைக்கு வலிச்சிது. ஆண்டவரு ஓட்டையோட வந்தாருன்னா, அந்த ஓட்டைய ஆணி போட்டுச்சி, கூட நின்னு பெத்தவ பாத்தா. எவனோ ஒக்காந்து வரையல. எம்புள்ளைய நா ஒரு நாளு பாப்பேன். பாக்கும்போது அந்தத் தளும்போட பாப்பேன். அதுவரைக்கும் அவன் செத்துதான் கீறான். நா அழுதுதான் ஆவணும், நீயும் அழுதுதான் ஆவணும்."

அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை, மிஷின் ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு மட்டும்தான். மெதுவாக அந்தக் கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு கத்தினார். பங்குனியில் அவர் அழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடைக்காரப் பிள்ளையும் அழுதான். அக்கா யாரையும் தேற்றவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை அந்த மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போனில் இருந்ததை யாரும் அழிக்கவில்லை. யாரும் எடுக்காததால் அதுவே சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது.

மறுநாள் காலையில் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஊர்க்காரர்கள் கால் வைக்காத இடம் அது, ஏரிக்கரையை ஒட்டி, முள் அடைத்த அரை ஏக்கர். விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மண்டி போட்டுப் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அக்கா வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்.

"மளைல சுண்ணாம்பு நிக்குமாக்கா?"

"கரைஞ்சா மறுபடி அடிப்போம்."

பிறகு சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கி லைன் காத்துல அறுந்துபோவல. நாந்தான் கழட்டனேன். ஊர்ல ஒரு வூட்டுக்கு படம் தெளிவா வரணும்னு கழட்டனேன்."

செதுக்கும் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா மட்டும் குச்சியால் வாளியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்பலேந்து?"

"அன்னிக்கேதான். மேல ஏறிப் பாத்தவன் அவன்தானே தம்பி. ரத்தம் கொட்டிகினு கீது, அந்த நேரத்துல சொல்றான், 'அறுந்து போவலம்மா, யாரோ கழட்டிகீறாங்க'ன்னு. ஏணி வெச்சிருக்கறவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்."

பதினான்கு வருஷம். பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் டீ குடித்திருக்கிறேன்.

"அப்ப ஏங்க்கா கேக்கல?"

"ஆண்டவருகிட்ட போயி, 'ஒங்க காயத்த காட்டுங்க'ன்னு சீடரு கேக்கலியே, அவருதானே காட்னாரு. நீயா காட்டணும்னு பாத்துகினு இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லாமல் இல்லை. இருந்தது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை. "அவன் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம் நீ. அது ஒண்ணுதான் எனக்கு ஆறல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். களைக்கொத்தி அவர் கையில் இருந்தது. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு எதிரில் வந்து நின்றார்.

"கைய காட்டு."

நீட்டினேன். இருபது வருஷத்தில் அதில் எத்தனையோ ஏறியிருந்தது. ஆம்ப்ளிஃபையர் பெட்டி கிழித்தது, ஏணி நசுக்கியது, ஷாக் அடித்துத் தோல் வெந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவசரமே இல்லாமல். பிறகு அந்தக் கையில் சுண்ணாம்பு மட்டையை வைத்து விரல்களை மடக்கினார்.

"கால்மாட்டுப் பக்கம் நீ அடி" என்றார்.

வீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். மழை பலமாக வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று மூன்று பேரும் வேகமாக அடித்தோம். பாதியில் பிடித்துக்கொண்டது. கரைந்த இடத்தில் மறுபடி அடித்தோம்.